ஒட்டுற மண்தான் ஒட்டுமா?

“ஏன்க்கா, போன வாரந்தான் எங்க வீட்டுக்காரரு பசை வாங்கியாந்து பாத்ரூம் கதவை ஒட்டுனாரு. நேத்து பார்த்தா, அப்பளம் மாதிரி அப்படியே பேந்து வந்து நிக்குது. கடைக்காரன் போலிச் சரக்கைக் குடுத்துட்டானோ?”

இந்தக் கேள்வியைப் பெரம்பலூர் பக்கமும் கேட்கலாம், அரியலூர் பக்கமும் கேட்கலாம். மரக் கதவும் தகரக் கதவும் இருந்த இடத்துக்கு ஃபைபர் கிளாஸ் கதவு வந்துவிட்டது. மொட்டை மாடியில் ஃபைபர் தொட்டி, கொல்லைப்புறத்தில் வெளிச்சம் விழுவதற்கு ஃபைபர் கூரைத் தகடு. கறையான் அரிக்காது, துரு ஏறாது, தூக்கவும் இலேசு. எல்லாம் சௌகரியம்தான். ஆனால் விரிசல் விட்டால் தச்சரும் தொடமாட்டார், கொல்லரும் தொடமாட்டார். வீட்டில் இருப்பவர்கள்தான் பசையும் கையுமாக உட்கார வேண்டியிருக்கிறது.

“உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கிட்டுப் புரண்டாலும் ஒட்டுற மண்ணுதான் ஒட்டும்” என்பார்கள் நம் பாட்டிமார். அது தலையெழுத்தைப் பற்றிச் சொன்னது. பசை விஷயத்தில் தலையெழுத்து எதுவும் கிடையாது. மண்ணுக்கு வேண்டுமானால் எண்ணெய் உதவலாம். பசைக்கு எண்ணெய்தான் முதல் எதிரி. ஒட்டியது பெயர்ந்து வந்தால், பெரும்பாலும் குற்றம் பசையிடம் இல்லை. பசைக் குழாயைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய மூன்று காரியங்களை நாம் செய்யவில்லை என்று அர்த்தம். இது ஒட்டத் தகுந்த பொருளா என்று பார்ப்பது ஒன்று. ஒட்டும் இடத்தைத் தயார் செய்வது இரண்டு. நம் கையையும் கண்ணையும் காப்பது மூன்று. மூன்றையும் பார்த்துவிடுவோமா?

கல்மரமும் கண்ணாடி நூலும்

பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள கல்மரத்தைப் பலரும் பிள்ளைகளோடு போய்ப் பார்த்திருப்பீர்கள். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம். 18 மீட்டர் நீளம். புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை உலகுக்குத் தெரியப்படுத்தினார். நிலத்தடி நீரில் கரைந்து வந்த சிலிக்கா, மரத்தின் நார் நாராகப் புகுந்து இறுகி, மரத்தையே கல்லாக்கிவிட்டது.

ஃபைபர் கிளாஸ் கிட்டத்தட்ட இதே கதையைத் தலைகீழாகச் சொல்கிறது. சிலிக்கா மணலை உருக்கி, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி நூலாக இழுக்கிறார்கள். அந்த நூல் பாயை ரெஸின் என்னும் பிசினில் ஊற வைக்கிறார்கள். பிசின் இறுகினால் கதவு, தொட்டி, படகு எல்லாம் தயார். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடலோரமெங்கும் பெருகிய ஃபைபர் படகுகளும் இதே ஜாதிதான். பலம் கண்ணாடி நூலில். நூலைப் பிடித்து வைத்திருப்பது பிசின். விரிசல் விட்டது என்றால் பிசின் மட்டுமல்ல, நூலும் அறுந்திருக்கலாம் என்பதை ஞாபகத்தில் வையுங்கள்.

முதலில், இது ஃபைபர்தானா?

நம் ஊரில் எந்தத் தொட்டியையும் ‘சின்டெக்ஸ்’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கறுப்பாக உருண்டையாக மாடியில் நிற்கும் தொட்டிகளில் அநேகம் பாலிதீன். அதில் எந்த எபாக்ஸிப் பசையும் நிலைத்து நிற்காது. பிளாஸ்டிக் வாளிக்கும் குடத்துக்கும் இதே கதிதான். ஆயிரம் தடவை தேய்த்து ஒட்டினாலும் தோல் மாதிரி உரிந்து வரும்.

கண்டுபிடிக்கச் சுலபமான வழி உண்டு. உடைந்த ஓரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளை வெள்ளையாக முடி நீட்டிக்கொண்டிருந்தால் அது ஃபைபர் கிளாஸ். (விரலால் தடவிப் பார்க்க வேண்டாம், குத்தும்.) ஒரு சிறு துண்டை டம்ளர் தண்ணீரில் போடுங்கள். பாலிதீன் மிதக்கும், ஃபைபர் மூழ்கும். பி.வி.சி. கதவும் மூழ்கும்தான், ஆனால் அதன் உடைந்த ஓரத்தில் நூல் இருக்காது.

எதை ஒட்டவே கூடாது?

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி, சகோதரிகளே. ஒட்டிய இடம் நன்றாகத்தான் தெரியும். பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும். உள்ளே பலம் இருக்கிறதா என்பது விழுந்த பிறகுதான் தெரியும். ஆகவே, ஓர் உயிர் நம்பி இருக்கிற எதையும் வீட்டில் ஒட்டக் கூடாது.

ஹெல்மெட்: ஓட்டில் விரிசல் விட்டால் அதன் ஆயுசு முடிந்தது. அடியைத் தான் வாங்கிக்கொண்டு தலையைக் காப்பதற்காகச் செய்த பொருள் அது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டுக்கொண்டு போகிறது. தினம் அதில் வண்டி ஓட்டுகிற கணவரோ மகனோ “கொஞ்சம் பசை வெச்சா சரியாயிடும்மா” என்றால் விட்டுவிடாதீர்கள். ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் உள்ள புது ஹெல்மெட்டே வாங்கச் சொல்லுங்கள்.

ஏணி, நாற்காலிக் கால், வயதானவர்கள் பிடித்து நடக்கும் சட்டம்: இவற்றுக்கும் பசை வேண்டாம்.

அடிப்பக்கம் பிளந்த தண்ணீர்த் தொட்டி: 1,000 லிட்டர் தண்ணீர் என்றால் 1,000 கிலோ எடை. அதைத் தாங்கும் அடிப்பாகத்தையோ மூலையையோ பசை காப்பாற்றும் என்று நம்பக் கூடாது. மேல் பகுதியில் ஒரு கீறல் என்றால் ஒட்டலாம்.

அடுப்புப் பக்கம் இருப்பவை, சமையல் பாத்திரம், குழந்தை வாயில் வைக்கும் பொம்மை: இவையும் கூடாது.

கதவின் ஓரம், தகட்டின் கீறல், தொட்டி மூடி, பூந்தொட்டி, கூலரின் உடம்பு: இவற்றைத் தாராளமாக ஒட்டலாம்.

கடையில் என்ன கேட்பது?

எபாக்ஸிப் பசைகளில் நமக்கு நன்கு பழகிய பெயர் அரால்டைட். சுவிட்சர்லாந்தின் சிபா நிறுவனம் 1946-ல் பாஸல் நகரத்துக் கண்காட்சியில் அறிமுகம் செய்த பசை அது. எம்-சீல் என்கிற பிசையும் மாவும் எபாக்ஸிதான். இந்தியாவில் இரண்டுமே இன்று பிடிலைட் நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. வேறு பெயர்களிலும் நல்ல எபாக்ஸிகள் கிடைக்கின்றன. பெயரைவிட, எந்த வகை என்று கேட்டு வாங்குவதே முக்கியம்.

மெதுவாக இறுகும் இரட்டைக் குழாய்ப் பசை: ஃபைபர் கதவுக்கும் தகட்டுக்கும் இதுவே ஏற்றது. இறுகுவதற்கு ஓர் இரவு ஆகும். முழுப் பலம் வர இன்னும் நேரம் வேண்டும். ஆனால் ஈரத்தையும் சூட்டையும் விரைவுப் பசையைவிட நன்றாகத் தாங்கும்.

ஐந்து நிமிஷப் பசை: அவசரத்துக்கு உதவும். ஆனால் தினமும் நனையும் குளியலறைக்கோ வெயில் அடிக்கும் மாடிக்கோ இது வேண்டாம்.

பிசையும் மாவு: ஓட்டையை அடைக்க, குழாய்க் கசிவை நிறுத்த நல்லது. மெல்லிய தகட்டின் நீளக் கீறலை இழுத்துப் பிடிக்கும் பலம் இதற்குக் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைகளில் ‘ஃபைபர் ரெஸின்’ என்று கேனில் விற்பது அநேகமாகப் பாலியஸ்டர். அதற்குக் கேட்டலிஸ்ட், ஆக்ஸிலரேட்டர் என்று இரண்டு சின்னப் புட்டிகள் தருவார்கள். அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடு ஒன்று கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. ஆகவே அதைத் தொழில் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள். வீட்டுக்கு எபாக்ஸி போதும். பழைய பாலியஸ்டர் ஃபைபர் மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும். ஆனால் எபாக்ஸி மேல் பாலியஸ்டர் சரியாகப் பிடிக்காது. நீங்கள் ஒரு முறை எபாக்ஸி போட்டிருந்தால், பிறகு வரும் ரிப்பேர்க்காரரிடம் அதை அவசியம் சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர்த் தண்ணீரும் ஒரு வில்லன்!

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. 1979-ல் அரசு சிமெண்ட் ஆலை அங்கே வந்ததற்கும், சுற்றிலும் மற்ற ஆலைகள் வந்ததற்கும் அதுதானே காரணம்! அந்தச் சுண்ணாம்பே கிணற்று நீரிலும் போர்த் தண்ணீரிலும் கரைந்து வந்து, கதவிலும் தொட்டியிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிகிறது. அதன் மேல் பசையைத் தடவினால், பசை உப்பைத்தான் பிடிக்கும், கதவைப் பிடிக்காது. உப்பு உதிரும்போது பசையும் கூடவே உதிரும்.

அதற்குக் கைவசம் மருந்து இருக்கிறது. எலுமிச்சம்பழ மூடியாலோ வினிகர் நனைத்த துணியாலோ ஊற வைத்துத் தேயுங்கள். நுரைத்துக்கொண்டு கரையும். பிறகு நல்ல தண்ணீரில் அலம்பி, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். உள்ளே ஈரம் இருந்தால் ஒட்டாது.

அடுத்தது மெழுகு. ஃபைபர் சாமான்களை அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டாமல் வருவதற்காக மெழுகு பூசுவார்கள். தோசைக் கல்லுக்கு எண்ணெய் தடவுவது போல! அந்த மெழுகு பளபளப்பான மேல் பரப்பிலேயே இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு தின்னர் நனைத்த சுத்தமான துணி, அதற்குப் பிறகுதான் உப்புத்தாள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. மெழுகைத் துடைக்காமல் தேய்த்தால், மெழுகை உள்ளே தேய்த்து ஏற்றியதாக ஆகும். தின்னர் வேலையை அடுப்பு எரியாத இடத்தில், ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம். அதில் எண்ணெய்ப் பசை கலந்திருக்கும்.

80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகும் வரை தேயுங்கள். தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்தால் தூசு பறக்காது. கடைசியில் ஒரு சோதனை: கொஞ்சம் தண்ணீரை அந்த இடத்தில் விடுங்கள். தாமரை இலைத் தண்ணீர் மாதிரி முத்து முத்தாக உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது; மறுபடி துடைத்துத் தேயுங்கள். பாய் விரித்தாற்போலப் பரவினால் இடம் தயார். உலர்ந்த பின் விரலால் தொடாதீர்கள். நம் விரல் எண்ணெயே போதும், வேலையைக் கெடுக்க!

கலப்பதிலும் பக்குவம் உண்டு

“சீக்கிரம் காயட்டும்னு ஹார்டனரைக் கொஞ்சம் கூடப் பிழிஞ்சேன்” என்று சொல்பவர்கள் உண்டு. பால் தோய்ப்பதற்கு உறை மோர் விடுகிறோம் அல்லவா? கொஞ்சம் கூடினால் சீக்கிரம் உறையும். பாலியஸ்டர் ரெஸினுக்கு அந்தக் கணக்கு. எபாக்ஸி அப்படி அல்ல. அது இட்லி மாவு. அரிசிக்கு இத்தனை உளுந்து என்பது போல, ரெஸினுக்கு இத்தனை ஹார்டனர் என்று அட்டையில் போட்டிருக்கும். பல பசைகளில் சமபாகம். கூடினாலும் குறைந்தாலும் வேகமாக இறுகாது; பிசுபிசுப்பாகவே நின்றுவிடும்.

ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியில் இரண்டையும் பிழிந்து, ஐஸ்கிரீம் குச்சியால் ஓரம், அடி எல்லாம் வழித்து ஒரே நிறமாகும் வரை கலக்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாகவே கலக்க வேண்டும். நிறையக் கலந்து கிண்ணத்தில் குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் புகையக்கூடும். நம் பக்கத்துச் சித்திரை வெயில் வேறு! 10 டிகிரி சூடு கூடினால், பசை கையில் நிற்கும் நேரம் பாதியாகக் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே கோடையில் காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

கதவு ஓரம் பிளந்திருந்தால் இரண்டு பக்கமும் மெல்லிசாகத் தடவிச் சேர்த்து, கிளாம்ப் போடுங்கள், அல்லது கயிற்றால் கட்டி வையுங்கள். இறுக்கி எல்லாப் பசையையும் பிதுக்கிவிடாதீர்கள். நடுவில் மெல்லிய படலம் இருந்தால்தான் பலம்.

கீறல் என்றால் வெறும் பசையை மட்டும் நிரப்பினால் போதாது. கீறலின் இரு முனையிலும் சின்னத் துளை போட்டால் அது மேலும் ஓடாது. கீறலைச் சுற்றி இரண்டு அங்குலம் தேய்த்து, பசையில் நனைத்த கண்ணாடி நூல் துணியை ஒட்டுப் போட்டது போல வையுங்கள். அறுந்த நூலுக்கு நூல்தானே பதில்? நெய்த துணியாகவே கேளுங்கள். பிய்த்துப் போட்ட நார்ப் பாயில் உள்ள பசை, பாலியஸ்டரில்தான் கரையும். எபாக்ஸியில் சரியாக ஊறாது.

இருபத்து நான்கு மணி நேரம் தொடாதீர்கள், நனைக்காதீர்கள். வெயில் படும் இடமானால், இறுகிய பிறகு மேலே லேசாகத் தேய்த்து வெளிர் நிறப் பெயிண்ட் அடியுங்கள். வெயில் எபாக்ஸியை மாவாக உதிர்க்கும். மேலும், அறைச் சூட்டில் இறுகும் சாதாரணப் பசைகள் பல, 60 டிகிரி சென்டிகிரேடு வாக்கிலேயே இளகத் தொடங்கும். கறுப்புப் பரப்பு கோடை வெயிலில் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும்.

தொட்டியாக இருந்தால் தண்ணீரை வடித்து, உலர்த்தி, வெளிப்பக்கமாகவே ஒட்டுப் போடுங்கள். குடிநீருக்கு ஏற்றது என்று அட்டையில் அச்சிட்டிராத எந்தப் பசையையும் உள்பக்கம் தடவக் கூடாது. ஒரு வாரம் பொறுத்து, முதல் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.

கைக்குக் காவல்

சிமெண்ட் வேலைக்குப் போகிறவர்களின் கையில் வரும் சொறியை நம் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். சிமெண்டில் உள்ள குரோமியம் அதற்கு ஒரு காரணம். ஒரு தடவை உடம்புக்கு அது ஒவ்வாமல் போய்விட்டால், பிறகு துளி பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் வரும். எபாக்ஸியும் அதே குணம் கொண்டது. முதல் தடவை, இரண்டாம் தடவை எதுவும் தெரியாது. “எனக்கு ஒண்ணும் பண்ணாது” என்ற தைரியத்தில் வெறும் கையால் பிசைந்துகொண்டே இருந்தால், ஒரு நாள் விரல் இடுக்கும் கண் இமையும் வீங்கும். அப்படி ஆரம்பித்தது பெரும்பாலும் ஆயுசு முழுக்கப் போகாது. அந்தக் கையால்தானே சமைக்க வேண்டும், குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும்?

மருந்துக் கடையில் நைட்ரைல் கையுறை என்று கேளுங்கள். சாதாரண லேடெக்ஸ் உறை எபாக்ஸியைச் சரியாகத் தடுக்காது. பசை கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டு அலம்புங்கள். தின்னரால் துடைக்கவே கூடாது. பசையைத் தோலுக்குள் கொண்டு போவதே அதுதான். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரை 15 நிமிஷம் விடாமல் விட்டுக் கழுவி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேய்க்கும்போது மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். கண்ணாடித் தூள் பட்டு அரித்தால் சொறியாதீர்கள். தூள் உள்ளேதான் போகும். ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்துவிட்டு, பச்சைத் தண்ணீரில் அலம்புங்கள். அந்தத் துணியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கொப்புளமோ தொடர்ந்த அரிப்போ இருந்தால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அரசு மருத்துவமனையின் தோல் மருத்துவரிடம் பசைக் குழாயையும் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள். என்ன பட்டது என்று தெரிந்தால் வைத்தியம் சுலபம்.

ஆளைக் கூப்பிட்டால்...

எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. ஆளை வைத்துச் செய்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். “தம்பி, மெழுகைத் துடைச்சீங்களா? தேய்க்கப் போறீங்களா, அப்படியே பூசப் போறீங்களா? உள்ளே துணி வெச்சு ஒட்டுறீங்களா?” இந்த மூன்றுக்கும் சரியான பதில் வந்தால் நல்ல தொழிலாளி. “அதெல்லாம் எதுக்கும்மா, நான் பாத்துக்கறேன்” என்றால், அந்தப் பணத்தைப் புதுக் கதவுக்குச் சேர்த்து வையுங்கள்!

ஒட்டுப் போடுவது கேவலமில்லை. நம் அம்மாக்கள் ஈயம் பூசியும் கிழிசல் தைத்தும்தான் குடித்தனத்தை இழுத்து வந்தார்கள். எதை ஒட்டலாம், எதை விட்டுவிட வேண்டும் என்றும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கதவின் கீறலுக்குப் பசையை எடுங்கள். பிள்ளையின் ஹெல்மெட்டில் கீறல் கண்டால், பசையைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் புறப்படுங்கள்.